பயம் வந்து சேரும் அறை

கழுகுப் பாறைக் காவல் சாவடியிலிருந்து கீழே இறங்கிய ஹெலிகாப்டரில் கேப்டன் குணாளன் தூங்கிவிட்டான். எதிரிகளின் பீரங்கிக்கு எட்டும் பள்ளத்தாக்கு அது. விமானி மலையை ஒட்டி வளைந்து வளைந்து ஓட்டினார். கூட வந்த மருத்துவ உதவியாளர் இருக்கையின் பட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். குணாளன் குறட்டை விட்டான். இரண்டு வருடங்களாக அவன் எதற்கும் பயந்ததில்லை.

அவன் மட்டுமல்ல, அந்தச் சாவடியில் இருந்த யாருமே பயந்ததில்லை. ஒவ்வொருவர் காதுக்கும் பின்னால், எலும்பை ஒட்டினாற்போல ஒரு சின்ன வில்லை பதிக்கப்பட்டிருந்தது. ராணுவக் காகிதங்களில் அதன் பெயர் தணிப்பான். ஆட்கள் அதைப் பொட்டு என்றார்கள். பொட்டு வைத்த நாளிலிருந்து பயம் போய்விடும். எப்படிப் போகிறது, எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றினால்தானே.

மாற்றல் உத்தரவில் மேஜர் பதவியும் சேர்ந்தே வந்திருந்தது. இனி களத்தில் ஆட்களை வழிநடத்தும் வேலை இல்லை. தலைமையகத்தில் மேசை வேலை. களத்தில் அதே ஆட்களை நடத்தியவர்தான் வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. ஏன் என்று சொல்லியிருக்கவில்லை. சாவடியை லெப்டினென்ட் இர்ஃபானிடம் ஒப்படைத்துவிட்டு வந்தான். கிளம்பும்போது சுபேதார் மாசிலாமணி விறைப்பாக சல்யூட் அடித்து, "பாத்துப் போங்க சார்" என்றார். இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று குணாளன் சிரித்துக்கொண்டான்.

தலைமையகத்து மருத்துவமனையில் முதல் வேலையாகப் பொட்டை எடுத்தார்கள். மரத்துப்போகும் ஊசி, சின்னக் கீறல், ஒரு தையல்.

"கொஞ்ச நாளைக்கு ஒரு மாதிரியா இருக்கும் சார். தனியா இருக்காதீங்க" என்றார் டாக்டர்.

"ஒரு மாதிரின்னா?"

"அது உங்களுக்கே தெரியும்."

மாடிப்படியில் தெரிந்தது. சாதாரண சிமெண்டுப் படிகள். முதல் படியில் வைத்த கால் இரண்டாவது படிக்குப் போக மறுத்தது. படி ஆழமாகிக்கொண்டே போவதுபோல இருந்தது. கைப்பிடியைப் பிடித்தான், கை வழுக்கியது, உள்ளங்கை முழுக்க வியர்வை. எதிரே வந்த நர்ஸ் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். அவள் தன்னைப் பார்க்கிறாள் என்பதும் பயமாக இருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து, குழந்தையைப்போல ஒவ்வொரு படியாக இறங்கினான்.

சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ ஒரு பாத்திர மூடியைக் கீழே போட்டார்கள். அடுத்த கணம் குணாளன் சுவரோரம் தலையைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான். சமையல்காரர் வந்து தோளைத் தொட்டார். "ஒண்ணுமில்ல சார். மூடிதான். கை தவறிடுச்சி." அவர் குரலில் கேலி இல்லை. மேலேயிருந்து இறங்கி வந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார் போல.

அன்று மாலை குடியாத்தத்திலிருந்து மனைவி தாட்சாயிணி போன் செய்தாள். மேஜர் ஆனதற்குச் சந்தோஷப்பட்டாள். அவன் அம்மாவுக்கு மூட்டு வலி என்றாள். மகளின் நினைப்பில் அவன் காதில் எதுவும் விழவில்லை.

"நித்திலா எங்க?"

"டியூஷன் போயிருக்கா."

"தனியாவா? யாரு போய்க் கூட்டியாறது? அந்த மெயின் ரோட்டை எப்படித் தாண்டுவா? லாரி வர்ற நேரமாச்சே?"

மறுமுனை அமைதியாக இருந்தது.

"தாட்சா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். இன்னா ஆச்சுங்க உங்களுக்கு?"

"ஏன்?"

"போன மழைக்காலத்துல வண்டி இடிச்சி அவ ஆஸ்பத்திரில கெடந்தாளே, அப்போ உங்களுக்குப் போன் பண்ணேன். தலையில அடி, இன்னும் கண்ணு தொறக்கலன்னு அழுதேன். 'டாக்டருங்க பாத்துப்பாங்க, சரியாயிடும்'னு சொல்லிட்டு வெச்சிட்டீங்க. அன்னிக்கு எங்கம்மா கேட்டாங்க, இவருக்கு மனசுன்னு ஒண்ணு கீதான்னு. நான் பதிலே சொல்லல. இப்போ ரோட்டைத் தாண்டறதுக்கு இப்படிப் பதர்றீங்க."

அந்த நாள் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. போனை வைத்துவிட்டு சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டான். ருசியாக இருந்தது. பிறகு படுத்துத் தூங்கினான். மகள் பிழைத்தாள் என்ற செய்தி வந்தபோது "நல்லது" என்று சொன்னான்.

இப்போதுதான், மாதங்கள் கழித்து, கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவே தலையைப் புதைத்துக்கொண்டு அவன் நடுங்கினான். மகள் உயிரோடு இருக்கிறாள், டியூஷனில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும் நடுக்கம் நிற்கவில்லை.

*

அவனுடைய புதிய வேலை தலைமையகக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. சன்னல் இல்லாத அறை. நடுவில் பல் டாக்டரிடம் இருப்பதுபோல ஒரு சாய்வு நாற்காலி. அதன் கைப்பிடியில் ஒரு மைக். நீண்ட ஒயரோடு தலைக்கு மாட்டும் ஒரு பட்டை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி.

பொறுப்பை ஒப்படைக்கக் காத்திருந்தவர் மேஜர் ரெபேக்கா. பாளையங்கோட்டைக்காரர். நாற்பது வயது இருக்கும். பார்த்தால் அறுபது சொல்லலாம். நகங்களைச் சதை தெரியக் கடித்திருந்தார். அந்தப் பட்டை அவர் தலையில் இருந்தது. குணாளன் உள்ளே வந்ததும் அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நீங்கதானா" என்றார்.

"என்னை உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"முகம் தெரியாது. உக்காருங்க. அந்த நாற்காலியில இல்ல, இங்க."

"வாளி எதுக்கு?"

"வாந்தி வரும். முதல் வாரம் நிறைய வரும். பெறகு பழகிரும்."

குணாளனுக்கு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. அவர் அதைக் கவனித்தார்.

"பொட்டு எடுத்து எத்தனை நாளாச்சு? மூணா? அப்படித்தான் இருக்கும் பாத்துக்கிடுங்க. சொல்லுதேன், கேளுங்க. பயத்தை அழிக்க முடியாது. முதல்ல அழிச்சுத்தான் பாத்தாங்க. பயமே இல்லாத பட்டாளம்னு ஒண்ணை உருவாக்கி அனுப்பினாங்க. பாதிப் பேரு கண்ணிவெடியில போயிட்டான். குண்டு வர்ற பக்கம் எழுந்து நின்னு வேடிக்கை பாத்தான். ஏன்னா, மண்ணு கிளறின வாடை, பறவைச் சத்தம் நின்னு போனது, இதெல்லாம் மூளைக்குத் தெரியறதுக்கு முந்தி ஒடம்புக்குத் தெரிஞ்சிரும். நில்லு, என்னமோ சரியில்லன்னு அது சொல்லும். அதுக்குப் பேருதான் பயம். அதை அழிச்சா ஆளு செத்துப்போறான். வச்சிருந்தா ஆளு முன்னால போக மாட்டேங்கான். அதனால..."

"அதனால?"

"அவன்கிட்ட இருந்து எடுத்து இங்க கொண்டுவாராங்க. இந்த நாற்காலிக்கு."

குணாளன் நாற்காலியைப் பார்த்தான்.

"பொட்டுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, உங்க பயத்தைப் படிச்சு இங்க அனுப்பறது. ரெண்டாவது, உங்களுக்கு அது தெரியாம அடக்கறது. இங்க இருக்கவரு அதை அனுபவிச்சு, எந்தப் பயத்துக்கு அர்த்தம் இருக்குன்னு பாத்து மைக்ல சொல்லணும். 'நில்லு. வலது பக்கம் பாரு.'"

அந்தக் கடைசிச் சொற்களில் குணாளனுக்கு உடம்பு சிலிர்த்தது. ரேடியோவில் 'கட்டுப்பாடு' என்ற பெயரில் வரும் குரல். இரண்டு வருடங்களாக அவன் காதுக்குள் ஒலித்த குரல். செயற்கைக்கோளைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"நீங்களா அது?"

"நான்தான்."

"என்னோட பயம்..."

"அதுவும் எனக்குத்தான் வந்தது. அந்தக் காட்டாத்து மேல கயிறு கட்டித் தாண்டினீங்களே, சுட்டுக்கிட்டே இருந்தானுங்களே, நெனப்பிருக்கா? நீங்க சிரிச்சுக்கிட்டே போனீங்கன்னு பேப்பர்ல வந்தது. மெடல் குடுத்தாங்க. அன்னைக்கு நான் அந்தா அந்த மூலையில ஒண்டிக்கிட்டு அம்மா அம்மான்னு கத்திக்கிட்டுக் கெடந்தேன். உங்களுக்குப் பயம் முதல்ல இடது தோள்லதான் வரும். தெரியுமா?"

அவனுக்குத் தெரியவில்லை. கை தானாக இடது தோளுக்குப் போனது. மூன்று நாட்களாக வலித்துக்கொண்டிருந்த இடம்.

"ஒரு நாள் சாயங்காலம்" என்றார் ரெபேக்கா. குரல் தாழ்ந்தது. "சண்டை எதுவும் இல்ல. எல்லாரும் கூடாரத்துல இருக்கீங்க. திடீர்னு உங்ககிட்ட இருந்து ஒண்ணு வந்தது. குண்டுக்குப் பயப்படற பயம் இல்ல அது. ஈரக்குலையைப் பிடிச்சு இழுக்கற மாதிரி. ரெண்டு நாள் விடல. ஏதோ ஒரு பிள்ளைக்கு என்னமோ ஆயிருச்சுன்னு மட்டும் தெரிஞ்சது. எனக்குக் கல்யாணமே ஆகல. யாரோட பிள்ளைன்னு தெரியாம ரெண்டு நாள் அழுதேன். பிள்ளைக்கு என்னாச்சு?"

"பிழைச்சுக்கிட்டா" என்றான் குணாளன்.

"நல்லது." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "களத்துல இருந்தவரைத்தான் இங்க உக்கார வைக்கணும்னு நான்தான் எழுதிக் கேட்டேன். யாரு எப்படின்னு உங்களுக்குத்தான் தெரியும். நான் முகம் தெரியாமலே இத்தனை நாள் ஓட்டிட்டேன். இன்னும் ஒண்ணே ஒண்ணு. எது அவங்க பயம், எது உங்க பயம்னு பிரிச்சுப் பாக்கத் தெரியணும். எனக்குக் கடைசியில அது தெரியாமப் போச்சு."

"எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"பட்டையைக் கழட்டினா தெரிஞ்சிரும். எது மிச்சம் இருக்கோ அது உங்களோடது. ஆனா மாத்திவிட ஆளு வராம கழட்டக் கூடாது. நாற்காலியில ஆளு இல்லன்னா அடக்கறதும் நின்னு போகும். எல்லாம் அந்தந்த ஆளுக்கே திரும்பிரும். மலை உச்சியில, சண்டைக்கு நடுவுல. எனக்கு ஒருநாளும் தைரியம் வந்ததில்ல."

*

ரெபேக்கா கழற்றித் தந்த பட்டையைக் குணாளன் உடனே மாட்டிக்கொண்டான். வாளியும் தேவைப்பட்டது.

ஒரு வாரத்தில் ஆட்களைப் பிரித்தறியப் பழகினான். லெப்டினென்ட் இர்ஃபானின் பயம் வயிற்றில் சுருண்டுகொள்ளும். சிப்பாய் பூவரசனுடையது தொண்டை வறட்சி. அதிகம் இருக்காது, வந்த வேகத்தில் போய்விடும். ஒவ்வொருவனும் மேலே பாட்டுக் கேட்டுக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் இருந்தபோது, அவர்கள் உடம்புகள் மட்டும் கீழே இந்த அறைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தன. பனிப்பாறை முறியும் சத்தம், வீட்டிலிருந்து வராத போன், ஆறாத புண். எல்லாம் வந்தன.

ஆச்சரியம் சுபேதார் மாசிலாமணிதான்.

முதுகுளத்தூர்ப் பக்கத்து மனிதர். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். வாயைத் திறக்க மாட்டார். கல் மாதிரி ஆள் என்று சாவடியில் பெயர். எந்த ரோந்துக்கும் முதல் ஆளாக நடப்பவர் அவர். குணாளன் சொல்லாமலே போய் முன்னால் நின்றுகொள்வார். அவனும் அதை வழக்கமாக்கிவிட்டான்.

அவருடைய பயம் மற்ற எல்லாரையும்விடப் பெரிதாக இருந்தது. நெஞ்சுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஊற்றியதுபோலப் பரவி, அப்படியே தங்கிவிடும். விடியும்போது இருக்கும். சாப்பிடும்போது இருக்கும். ரோந்துக்குக் கிளம்பும்போது மூச்சு முட்டும் அளவுக்கு ஏறும். மற்றவர்களின் பயம் வந்து வந்து போனது. இவருடையது ஒரு கணம்கூட ஓயவில்லை.

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் தனபாலிடம் குணாளன் கேட்டான்.

"சில பேருக்கு அப்படி இருக்கும் சார்" என்றான் தனபால். "வயசாகுது இல்ல. கவலைப்படாதீங்க, அவருக்கு ஒண்ணும் தெரியாது. நமக்குத்தான் கஷ்டம்."

*

இரண்டாவது மாதம் கர்னல் சடகோபன் அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். கோபப்படத் தெரியாதவர் என்று பெயரெடுத்தவர். நாற்காலிக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்குக் காலையில உங்க ஆளுங்க ஒட்டகமுதுகு உச்சியைப் பிடிக்கறாங்க. மதியத்துக்குள்ள முடிஞ்சுடணும். மூணு நாளா ட்ரோன் படம் பாத்துட்டோம். அங்க ஒரு ஈ, காக்கா இல்ல."

"சரி சார்."

"ஏறும்போது பயம் ஏறத்தான் செய்யும். செங்குத்தான சரிவு. அதுக்கெல்லாம் நிறுத்தினா உச்சி நமக்குக் கிடைக்காது. ரெபேக்காவை ஏன் மாத்தினோம் தெரியுமா? கடைசி மாசம் எடுத்ததுக்கெல்லாம் நிறுத்தினாங்க. ஆளுங்க வெட்டவெளியில நின்னு நின்னு ரெண்டு பேருக்குக் கால் விரல் உறைஞ்சு போச்சு. நீங்க களத்துல பேரெடுத்தவர். உங்ககிட்ட அது நடக்காதுன்னு நம்பறேன்."

அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அதனாலேயே குணாளனுக்குப் பயமாக இருந்தது.

காலையில் கர்னலும் கூடவே வந்து அறையில் நின்றார். மேலே இர்ஃபானின் ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். மாசிலாமணி முதலில். குணாளன் கண்ணை மூடிக்கொண்டான். ஒவ்வொருவராக வந்தார்கள்: இர்ஃபானின் வயிறு, பூவரசனின் தொண்டை, மாசிலாமணியின் குளிர்ந்த நெஞ்சு. எல்லாம் பழகியவை. வழுக்கும் இடம், கயிறு இழுபடும் இடம். மாசிலாமணியுடையதைத் தவிர ஒவ்வொன்றும் வந்து, காரணம் முடிந்ததும் தணிந்தது. பாதிச் சரிவு தாண்டிவிட்டார்கள்.

அப்போது அது வந்தது. ஒருவரிடமிருந்து அல்ல. ஒரே நொடியில், அத்தனை பேரிடமிருந்தும், ஒரே இடத்தில். பிடரியில். யாரோ பின்னால் நின்று மூச்சு விடுவதுபோல. இத்தனை நாளில் அவர்கள் எல்லாரும் ஒன்றுபோலப் பயந்ததே இல்லை.

"நில்லுங்க" என்றான் மைக்கில். "எல்லாரும் அங்கங்கேயே நில்லுங்க."

"என்ன பாத்தீங்க?" கர்னல் கேட்டார்.

"பாக்கல சார். எல்லாருக்கும் ஒண்ணா வருது."

கர்னல் சுவரில் இருந்த திரையைப் பார்த்தார். வெள்ளைச் சரிவு, வெள்ளைப் பாறை. "ஒண்ணுமில்லையே." ரேடியோவில் இர்ஃபானின் குரல் உற்சாகமாக வந்தது. "கட்டுப்பாடு, ஏன் நிறுத்தச் சொன்னீங்க? இங்க எல்லாம் அமைதியா இருக்கு. காத்துகூட இல்ல. அரை மணியில மேல போயிடுவோம்."

அமைதி என்ற சொல் வந்ததும் பிடரியில் அது இன்னும் இறுகியது. குணாளனின் பற்கள் தந்தியடித்தன.

"இது அவங்களோடதா, உங்களோடதா?" கர்னல் குனிந்து மெதுவாகக் கேட்டார். "மனசாட்சியோட சொல்லுங்க."

குணாளனுக்குத் தெரியவில்லை. மாடிப்படிக்குப் பயந்தவன் அவன். மூடி விழுந்த சத்தத்துக்குப் பயந்தவன். இந்த ஆட்களோடு இரண்டு வருடம் ஒரே அடுப்பில் சாப்பிட்டவன். அவர்கள் ஒருவர்கூடச் சாகக் கூடாது என்று இந்த அறைக்கு வந்த நாளிலிருந்து பயந்துகொண்டிருப்பவன். அந்தப் பயம்தான் இப்படி எல்லார் பெயரிலும் வருகிறதோ?

"தெரியல சார்."

கர்னல் பெருமூச்சு விட்டார். கைப்பிடியிலிருந்து மைக்கைக் கழற்றி எடுத்தார். "இர்ஃபான், சடகோபன் பேசறேன். முன்னேறுங்க."

"சரி சார்!" யாரோ பின்னால் சிரிப்பதும் கேட்டது.

அவர்கள் நடந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் அது ஏறியது. இங்கிருந்து கத்தினால் அவர்களுக்குக் கேட்காது. மைக் கர்னலிடம் இருந்தது. தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதைச் செய்தால் மேலே என்ன ஆகும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

இரண்டு கைகளையும் தூக்கிப் பட்டையைப் பிடுங்கினான்.

சட்டென்று எல்லாம் நின்றது. அறை தெளிவாகத் தெரிந்தது. வாளியின் நீல நிறம், கர்னலின் சட்டைக் கையில் போடாமல் விட்ட பொத்தான். நெஞ்சு சாதாரணமாக அடித்துக்கொண்டிருந்தது. பிடரியில் ஒன்றுமே இல்லை.

"என்னோடது இல்ல சார்" என்றான் குணாளன். "அத்தனையும் அவங்களோடது."

கர்னல் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் மூச்சுச் சத்தம்தான் வந்தது. பிறகு ஒருவன் நாயைப்போல ஊளையிட்டான். இர்ஃபான் "அம்மி, அம்மி" என்று தாயைக் கூப்பிட்டு முனகினான். துப்பாக்கி ஒன்று பாறையில் விழுந்து உருண்டது. "டேய் பூவரசா, ஓடாதடா, அந்தப் பக்கம் ஓடாதடா!" என்று யாரோ அலறினார்கள். பூவரசனின் குரல் நீளமாகக் கேட்டு, தூரமாகிக்கொண்டே போய், பிறகு கேட்கவில்லை.

குணாளன் பட்டையை மறுபடி மாட்டக் கையெடுத்தான். இப்போது மாட்டினால் அவர்கள் சிரித்துக்கொண்டே மேலே போவார்கள். கையை இறக்கிக்கொண்டான்.

அந்தக் கூச்சலுக்கு நடுவே மாசிலாமணியின் குரல் வந்தது. நடுங்கியது, ஆனால் சொற்கள் தெளிவாக இருந்தன.

"உக்காருங்கடா. அவனவன் இருக்க எடத்துலயே உக்காரு. எவனும் ஓடாத. நெஞ்ச அடைக்கும். கை நடுங்கும். ஒண்ணுக்கு வர்ற மாதிரி இருக்கும், வந்தா விட்ரு, வெக்கப்படாத. இம்புட்டுத்தான். இதுக்கு மேல இது ஒண்ணும் பண்ணாது. மூச்ச விடு. விட்டியா? இப்ப முன்னால இருக்கவன் பெல்ட்டப் பிடி. லெப்டினென்ட் சார், என் பெல்ட்டப் பிடிங்க. கண்ண மூடிக்கங்க, பரவால்ல. நான் முன்னால போறேன். கீழதான் போறோம். வாங்க."

*

பூவரசனைத் தவிர எல்லாரும் உயிரோடு சாவடிக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் வேறு பக்கத்திலிருந்து ஊர்ந்து போய்ப் பார்த்த வேவுக் குழு செய்தி அனுப்பியது. ஒட்டகமுதுகின் பாறைப் பொந்துகளில், உடல் வெப்பத்தையும் மறைக்கும் வெள்ளைப் படுதாக்களுக்குக் கீழே எந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. எல்லாம் அந்தச் சரிவைப் பார்த்தபடி. இன்னும் கொஞ்ச தூரம் ஏறியிருந்தால் ஒருவர்கூடத் திரும்பியிருக்க முடியாது.

தண்டனையை எதிர்பார்த்துத்தான் குணாளன் கர்னலின் அறைக்குப் போனான். கர்னல் எழுந்து வந்து கை குலுக்கினார்.

"நீங்க சொன்னதுதான் சரி. நான் கேட்டிருக்கணும். இனிமே கேப்போம்."

"பூவரசன், சார்..."

"பனியில வழுக்கிட்டான். அறிக்கையில அப்படித்தான் இருக்கும். பட்டை கழன்றது ஒயர் கோளாறு." அவர் குரலில் உண்மையான கனிவு இருந்தது. "ட்ரோனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சுது. தலைமையில எல்லாரும் பிரமிச்சுப் போயிருக்காங்க. எல்லாச் சாவடிக்கும் இதைக் கொண்டுவரப் போறாங்க. ஒரு நாற்காலி போதாது, மூணு போடலாம்னு பேச்சு. ஆளுங்களை நீங்கதான் பழக்கணும்."

"இப்போ நாற்காலியில யாரு சார்?"

"ரெபேக்கா. ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில இருந்துட்டு, ஊருக்குப் போறதுக்கு வண்டிக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க. கேட்டதும் வந்து உக்காந்துட்டாங்க. சாயங்காலம் நீங்க மாத்திவிடுங்க."

குணாளன் வெளியே வந்து நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இது அவனுடைய பயம்தான். இதில் சந்தேகமே இல்லை.

*

பூவரசனின் உடலோடு மாசிலாமணி கீழே வந்தார். அவருடைய பொட்டைச் சோதிக்க வேண்டும் என்று தனபால் கேட்டிருந்தான். அது அன்று விட்டு விட்டு அனுப்பிய அளவுகள் அவனுக்குப் புரியவில்லையாம். சோதனை முடிந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், மருத்துவமனை வராந்தாவில் தனபால் குணாளனைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"சார், அவரோட பொட்டுல அடக்கற பாகம் வேலையே செய்யல. நேத்தோ முந்தாநாளோ இல்ல. பதிச்ச நாள்லேர்ந்தே."

"புரியல."

"பயத்தைப் படிச்சு இங்க அனுப்பிச்சிருக்கு. ஆனா அவருக்கு அதை அடக்கல. ரெண்டு வருஷமா அவர் முழுசா அனுபவிச்சிருக்கார் சார்."

மாசிலாமணி பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குணாளனைப் பார்த்ததும் எழுந்தார். குணாளன் அவரை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் விரல்கள் தொப்பியின் விளிம்பில் நடுங்கிக்கொண்டிருந்தன. எப்போதும் இப்படித்தான் நடுங்கியிருக்கும். அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"ஏன் சுபேதார் சாப் சொல்லல?" என்றான்.

"என்னத்த சார் சொல்றது? எல்லாருக்கும்தான பொட்டு வச்சாக. உங்களுக்கெல்லாம் வேலை செய்யுது, எனக்கு மட்டும் செய்யலன்னா, அது பொட்டோட குத்தமின்னு எப்படி நெனைக்கிறது? எங்குத்தமின்னுதான் நெனச்சேன். பொட்டாலகூட அடக்க முடியாத கோழப்பயன்னு." அவர் சிரிக்க முயன்றார். "நீங்கள்லாம் சிரிச்சுக்கிட்டே போவீக. எனக்கு மூஞ்சி கோணிப் போயிரும். யாரும் பாத்துறக் கூடாதேன்னுதான் சார் நான் எப்பவும் முன்னால போயிர்றது."

மருந்து வண்டி ஒன்று சக்கரம் கிறீச்சிட வராந்தாவைக் கடந்து போனது. இருவரும் ஒன்றாகத் திடுக்கிட்டார்கள்.

பிறகு குணாளன் அந்த அறையைப் பற்றிச் சொன்னான். நாற்காலி, பட்டை, ரெபேக்கா, எல்லாவற்றையும். ஆட்களிடம் சொல்லக் கூடாது என்பது விதி. மாசிலாமணி கேட்டுக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"அப்ப எம் பயம் அம்புட்டும் உங்களுக்கு வந்துச்சா?"

"வந்தது."

"அந்தம்மாவுக்கும்?"

"ரெண்டு வருஷம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். விருந்துக்குப் போன வீட்டில் எதையோ கொட்டிவிட்டவர்போல இருந்தது அவர் முகம். "தெரியாமப் போச்சே சார். தெரிஞ்சிருந்தா கொஞ்சம் கொறச்சுப் பயந்திருப்பேன்."

தனபால் ஒரு தட்டில் புதிய பொட்டைக் கொண்டுவந்தான். "இது நல்லா வேலை செய்யும் சாப். நானே ரெண்டு தடவை சோதிச்சிட்டேன். இனிமே உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. நிம்மதியா இருக்கலாம்."

மாசிலாமணி அந்தச் சின்ன வில்லையை வெகுநேரம் பார்த்தார். ஆசையாகப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு தடவை கையைக்கூட நீட்டினார்.

"பயலுக எல்லாம் அன்னைக்கு ராத்திரியே 'எப்ப சார் திரும்ப அடக்குவீக'ன்னு அழுதானுக. பாவம், பழக்கமில்ல." தட்டைத் தனபால் பக்கமாக மெல்லத் தள்ளினார். "எனக்கு வேணாந் தம்பி. பழசையும் கழட்டிரு. எம்பயம் எங்கிட்டயே இருந்துட்டுப் போகட்டும். சார் ஏன் அதையுஞ் சேத்துச் சொமக்கணும்?"

தனபால் குணாளனைப் பார்த்தான். "பொட்டு இல்லாம மேல அனுப்ப விதி இல்ல சார்."

"கழட்டு" என்றான் குணாளன். "கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

கழற்றுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. மைதானத்தில் ஹெலிகாப்டரின் விசிறி சுற்றத் தொடங்கிவிட்டது. மாசிலாமணி காதுக்குப் பின்னால் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தார். தொப்பியை வைத்துச் சரிசெய்துகொண்டார். முழங்கால் லேசாக ஆடியது. அதை மறைக்க இன்று அவர் யாருக்கும் முன்னால் போய் நிற்க முடியாது. குணாளன் நேருக்கு நேராக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"எப்படி இருக்கு சாப்?"

"பயமாத்தான் சார் இருக்கு" என்றார் மாசிலாமணி. சல்யூட் அடித்தார். "வர்றேன்."